குர்துபாவில் பயின்ற போப்?

கி.பி. 999 ஏப்ரலில் ரோமில் பதவியேற்ற போப் இரண்டாம் சில்வெஸ்டர், குர்துபாவில் முஸ்லிம் ஆசிரியர்களிடம் பயின்றவர் என்று நம்மவர் நூல்கள் பலவற்றில் காண்கிறோம். சில நூல்கள் அவரை ஃபாஸ் நகரின் கரவிய்யீன் வரை அழைத்துச் செல்கின்றன. நாமும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லிவந்தோம். “இதற்கு இஸ்னாத் என்ன, ஹஸ்ரத்?” என்று ஒரு மாணவர் வினவிய பின்னரே தேடத் தலைப்பட்டோம்.

அவரது இயற்பெயர் கெர்பெர்ட். பிரான்சின் ஓரியாக் மடத்தில் வளர்ந்த அவ்விளைஞரை, 967இல் அங்கு வந்த பார்சலோனா கோமகன் பொரெல் தம்முடன் அழைத்துச் சென்றார். விக் நகர ஆயர் அத்தோவிடம் அவர் கணிதம் கற்றார். அவருடைய மாணவர் ரிஷேர் எழுதிவைத்தது இவ்வளவே. குர்துபா பற்றி அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. கெர்பெர்ட்டின் கடிதங்களிலும் இல்லை. 1020களில் எழுதிய அதீமார் என்னும் துறவியே குர்துபாவைக் குறிப்பிடுகிறார். உடனிருந்த மாணவர் அறியாததைக் காலத்தால் பிந்தியவர் அறிந்தது எங்ஙனம்? ஹதீஸ் கலை பயின்ற நாம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய வினா இது.

எனினும் அந்தலூஸின் அறிவு அவரை எட்டாமலில்லை. பொரெலின் தூதர்கள் கலீஃபா இரண்டாம் ஹகமின் அவைக்குச் சென்றுவந்த காலம் அது. பின்னர் ரீம்ஸ் நகரில் ஆசிரியராக இருந்தபோது கெர்பெர்ட் அமைத்த கணக்குப் பலகையில் 27 நிரல்களும், கொம்பினாலான 1000 காய்களும் இருந்தன. காய்கள்மீது பொறிக்கப்பட்டவை நமது ‘குபார்’ எண்களின் வழிவந்த ஒன்பது இலக்கங்கள். சுழியம் இல்லை, வெற்று நிரலே அதன் வேலையைச் செய்தது.

போப்பாக அவர் இருந்தது நான்காண்டுகளே. தம் மாணவரான பேரரசர் மூன்றாம் ஒட்டோவின் துணையுடன் போலந்திலும் ஹங்கேரியிலும் திருச்சபையை நிறுவினார். பதவிகளை விலைக்கு விற்பதைக் கண்டித்தார். 1001இல் ரோமர் கிளர்ந்தெழ, இருவரும் நகரைவிட்டு வெளியேறினர். 1003 மே 12இல் காலமானார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி வில்லியம், அவர் ஸ்பெயின் முஸ்லிம்களிடம் சூனியம் கற்று, ஆசிரியரின் நூலைத் திருடி ஓடியவர் என்று எழுதினார். அவரை இழித்துரைக்க வளர்க்கப்பட்ட கதையின் ஒரு பாதியையே நாம் பெருமைக்கு எடுத்தாண்டிருக்கிறோம்!

இப்போது வகுப்பில் 984ஆம் ஆண்டுக் கடிதமொன்றை மட்டும் கூறுகிறோம். பார்சலோனாவின் லுபிதுஸ் என்பவருக்கு எழுதிய அதில், அவர் மொழிபெயர்த்த வானியல் நூலை அனுப்பிவைக்குமாறு கெர்பெர்ட் வேண்டுகிறார்.