விமான விதிகளும் முன்பிரசுரமும்

ஒவ்வொரு ராஜ்யமும் தன் எல்லைக்கு மேலுள்ள ஆகாயத்தில் பூரணமான, தனக்கே உரிய இறைமை உடையது என்று 1944 டிசம்பரில் சிக்காகோவில் கையொப்பமான உடன்படிக்கை தன் முதல் ஷரத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆயினும், சர்வதேசத் தரங்களினின்று விலகும் ராஜ்யம் எதுவாயினும் அவ்விலகலைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்துக்கு உடனே அறிவித்தாக வேண்டும் என்று 38ஆம் ஷரத்தில் அதுவே விதித்தது. விலகுவதை அனுமதித்து, மறைவாக விலகுவதைத் தடுத்த இவ்வேற்பாட்டை நோக்குங்கால், விமான விதிகளின் கௌரவம் பகிரங்கத்தன்மையைப் பொறுத்தே நிற்கிறது என்பது புலனாகும். இந்தியாவில் அப்பகிரங்கத்தன்மை காலப்போக்கில் மெலிந்துவிட்டது என்பதே என் வாதம்.

1934ஆம் வருஷத்து விமானச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, எந்த விதியும் மூன்று மாதத்துக்குக் குறையாத முன்பிரசுரத்துக்குப் பின்னரே, அதாவது வரைவை முன்னதாக வெளியிட்டு ஆட்சேபங்களுக்கு இடமளித்த பின்னரே, இயற்றப்பட வேண்டும் என்றது. பொதுநலம் கருதி அந்நிபந்தனையை எழுத்து மூலம் தளர்த்த மத்திய அரசுக்கு அதிகாரமும் இருந்தது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் இயற்றிய 1937ஆம் வருஷத்து விமான விதிகளில் பின்னர் இடம்பெற்ற 133ஏ விதி, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரே விசேஷக் கட்டளைகள் பிறப்பிக்க வழிசெய்தபோது, அவற்றுக்கான முன்பிரசுரக் காலம் முப்பது நாளாகச் சுருங்கியது. அந்த முப்பது நாளையும் குறைக்கவோ நீக்கவோ அவருக்கே உரிமை உண்டு. விமானி எத்தனை மணி நேரம் பணி செய்யலாம், எவ்வளவு ஓய்வு கொள்ள வேண்டும், இடம் மறுக்கப்பட்ட பிரயாணிக்கு என்ன ஈடு என்பன போன்ற, உயிரையும் உரிமையையும் நேரே தொடும் விஷயங்களெல்லாம் இக்கட்டளைகளாலேயே நிர்ணயிக்கப்படுகின்றன.

விமான சாஸ்திரம் விரைந்து மாறுவது, சட்டமோ மெல்ல நடப்பது, ஆதலின் கட்டளைமுறை இன்றியமையாதது என்று ஆட்சேபிப்பவர் உண்டு. அவ்வாட்சேபம் அற்பமானதன்று. 1996 நவம்பர் 12ஆம் தேதி ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். கஜகஸ்தான் விமானம் தனக்கு விதித்த உயரத்தினின்று கீழிறங்கியது காரணமாயிற்று. எனினும், அந்நாளில் டில்லிக்கு வருவனவும் அங்கிருந்து புறப்படுவனவும் ஒரே வழித்தடத்தைப் பகிர்ந்துகொண்டதும், விமானத்தின் உயரத்தைத் தானே அறிந்து காட்டும் இரண்டாம்நிலை ராடார் அங்கே இயங்காததும் அபாயத்தைப் பெருக்கின. மோதலைத் தவிர்க்க விமானிக்கு எச்சரிக்கும் கருவி இந்தியாவில் கட்டாயமானது இவ்விபத்துக்குப் பின்னரே. இத்தகைய பாடத்தை அமல் செய்ய மூன்று மாதம் காத்திருக்கும்படி யாரும் கோரார்.

ஆனால் அவசரத்துக்கு ஏற்பட்ட வழியே நித்தியப் பாதையாவது வேறு விஷயம். ஓய்வு நேரம் போன்ற பொருளில் விமான கம்பெனிக்கும் விமானிக்கும் நலன்கள் முரண்படுகையில், யாருடைய ஆட்சேபம் ஏன் ஏற்கப்பட்டது என்பது வெளிப்படாவிடில், தோற்ற தரப்பினர் அக்கட்டளையை நியாயமானதென்று நம்ப இடமில்லை. அமெரிக்காவின் 1946ஆம் வருஷத்து நிர்வாக நடைமுறைச் சட்டம், கருத்துக் கேட்டு இயற்றும் விதியுடன் அதன் ஆதாரத்தையும் நோக்கத்தையும் சுருக்கமாகவேனும் கூற வேண்டும் என்கிறது. நம் 133ஏ விதியோ ஆட்சேபங்களை அழைத்ததோடு நின்றுவிட்டது. 1934ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் அமலில் உள்ள இச்சமயத்தில், முன்பிரசுரத்தைத் தளர்த்தும் ஒவ்வோர் உத்தரவும் தன் காரணத்தோடு பிரசுரமாக வேண்டும், அவ்வாறு பிறந்த கட்டளை குறித்த காலத்துக்குள் முறைப்படி பிரசுரம் பெறாவிடில் காலாவதியாக வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளை விதிகளில் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.