ஒரே வாக்கில் 107 பேர்

2025 அக்டோபர் 7 அன்று அமெரிக்க செனட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 47. அந்த ஒற்றை வாக்கெடுப்பில் 107 பேருக்குப் பதவி உறுதியானது. டெல்லிக்குத் தூதராக வரவிருந்த செர்ஜியோ கோர் அவர்களில் ஒருவர். 2022-இல் ஜார்ஜியாவிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றுப்போன முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹெர்ஷல் வாக்கருக்கும் அதே பட்டியலில் பஹாமாஸ் தூதர் பதவி கிடைத்தது. ஒருவர் வேண்டும், இன்னொருவர் வேண்டாம் என்று எந்த செனட்டரும் சொல்ல வழியில்லை. சொன்னால் 107 பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். கோர் அதுவரை வெள்ளை மாளிகையில் அரசுப் பதவிகளுக்கு ஆள் பொறுக்கும் அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். ஊரார் பெயரையெல்லாம் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தவர், கடைசியில் தாமும் ஒரு பட்டியலில் ஏறிக் கரை சேர்ந்தார்.

டிரம்ப் ஆட்சியின் புதுமை என்று இதைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. பெயர்களை மொத்தமாக அனுப்புவதும் மொத்தமாக ஒப்புக்கொள்வதும் செனட் தொடங்கிய ஆண்டிலிருந்தே இருக்கிற வழக்கம். பட்டியலில் பிடிக்காத ஒரு பெயரை மட்டும் உருவி எடுக்கும் வசதியும் கூடவே இருந்தது. 2025-இல் பறிபோனது அந்த வசதி.

1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசியல் சாசனம், குடியரசுத் தலைவர் ஆளை முன்மொழிய வேண்டும், செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் பெற்று நியமிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஒவ்வொருவராகவா, கூட்டமாகவா என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கேள்வி இரண்டே ஆண்டில் வாசலில் வந்து நின்றது. புதிய அரசுக்கு வருமானம் என்றால் சுங்க வரிதான். அதை வசூலிக்கத் துறைமுகந்தோறும் ஆள் வேண்டும். 1789 ஆகஸ்ட் 3 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நூறு பேருக்கும் சற்று அதிகமான பெயர்களை ஒரே கடிதத்தில் அனுப்பினார். செனட் அப்போது நியூயார்க்கில், பூட்டிய கதவுக்குள் கூடிக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று நாளில் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் தேறியது. சிக்கியது ஒரு பெயர்: பெஞ்சமின் ஃபிஷ்போர்ன், ஜார்ஜியாவின் சவன்னா துறைமுகத்துக்கு 'நேவல் ஆபீசர்'. பெயரில்தான் கடற்படை வாசனை. வேலை என்னவோ சுங்க வசூல்காரரின் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது. ஜார்ஜியா செனட்டர் ஜேம்ஸ் கன்னுக்கு அவரைப் பிடிக்கவில்லை. சக செனட்டர்கள் கன்னோடு போனார்கள். ஆகஸ்ட் 5 அன்று ஃபிஷ்போர்ன் நிராகரிக்கப்பட்டார்.

வாஷிங்டனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாள் தேதியிட்டு அவர் செனட்டுக்கு எழுதிய கடிதம் மரியாதையான மொழியில் எழுதப்பட்ட கண்டனம். ஃபிஷ்போர்ன் விடுதலைப் போரில் தம் பார்வையிலேயே பணியாற்றியவர் என்று சொல்லி, இனி ஒருவர் தகுதியில் ஐயம் எழுந்தால் முதலில் தம்மிடம் கேட்கலாமே என்று குறிப்புக் காட்டினார். ஆனால் அதே கடிதத்திலேயே லாக்லன் மக்கிண்டாஷ் என்ற மாற்றுப் பெயரையும் கொடுத்துவிட்டார். சொந்த மாநில நியமனத்தில் அந்த மாநில செனட்டரின் மனத்தாங்கலுக்கு மதிப்புக் கொடுக்கும் நெடுங்கால வழக்கத்துக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி. நூறு பேரை நிறுத்தாமல் ஒருவரை மட்டும் நிறுத்தினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பின்னால் வந்த இன்னொரு கூட்ட நியமனம் நீதிமன்ற வரலாற்றில் வேறு காரணத்துக்காகப் புகழ் பெற்றது. 1800 தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ், பதவி இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 1801 மார்ச் 2 அன்று, தலைநகர் வட்டாரத்துக்கு 42 சமாதான நீதிபதிகளை முன்மொழிந்தார். செனட் மறுநாளே அத்தனை பேரையும் மொத்தமாக ஏற்றது. இரவோடிரவாக ஆடம்ஸ் கையெழுத்திட்டார், வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல் முத்திரை வைத்தார். சில நியமன ஆணைகள் மட்டும் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிதாக வந்த ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க மறுத்தார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரி வழக்குப் போட்டார். 1803-இல் தீர்ப்பு எழுதியவர் அதே மார்ஷல், இப்போது தலைமை நீதிபதியாக. சட்டத்தையே செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அனுப்பாமல் விட்ட சில காகிதங்களில் இருந்து பிறந்தது.

அவசரக் கூட்ட ஒப்புதலின் ஆபத்துக்கு ஒரு நல்ல சாட்சி 1869. போர்த் தளபதி யுலிசிஸ் கிராண்ட் குடியரசுத் தலைவரானதும் தம் அமைச்சரவையில் யார் யார் என்பதைப் படை ரகசியம் போலக் காத்தார். மார்ச் 5 அன்று பெயர்கள் செனட்டுக்குப் போயின. வெற்றி வீரரின் தேர்வு என்பதால் யாரும் துருவவில்லை. அன்றே எல்லோரும் ஒப்புதல் பெற்றார்கள். கருவூலத் துறைக்குப் பெயர் கொடுக்கப்பட்டவர் ஏ.டி. ஸ்டீவர்ட், நியூயார்க் பிராட்வேயில் பளிங்கு மாளிகைக் கடை கட்டிய துணி வியாபாரி, நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஒப்புதல் முடிந்த பிறகுதான் யாரோ பழைய ஏட்டைப் புரட்டினார்கள். வணிகத்தில் ஈடுபட்டவர் கருவூலச் செயலராகக் கூடாது என்று 1789 சட்டமே சொல்கிறது! துறைமுகச் சுங்கத்துக்கு அதிபதியாகிறவர் இறக்குமதி வியாபாரியாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்றே யோசித்துப் போட்ட தடை. விலக்குத் தாருங்கள் என்று கிராண்ட் கேட்டார். செனட்டர் சார்லஸ் சம்னர் எதிர்த்தார். வியாபார லாபத்தையெல்லாம் அறப்பணிக்கு எழுதிவைக்கிறேன் என்று ஸ்டீவர்ட் இறங்கி வந்தும் பயனில்லை. சில நாளில் ஜார்ஜ் பவுட்வெல் அந்த நாற்காலிக்கு வந்தார். ஒரு செனட்டராவது ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் கிராண்டுக்கு முதல் வாரத்திலேயே அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டில் பதவிகள் பெருகின. ஒரு காங்கிரசின் இரண்டாண்டுக் காலத்தில் செனட்டுக்கு வரும் ராணுவப் பெயர்கள் மட்டும் ஏறத்தாழ 65,000. மேஜர், கர்னல் என்று பதவி உயர்வு பெறுகிறவர்கள் எல்லோருக்கும் செனட் சம்மதம் வேண்டும். இதை ஒவ்வொன்றாகச் செய்ய முடியாது, செய்யவும் இல்லை. நாள் முடியும் நேரம், பெரும்பாலும் காலியான அவை, பெரும்பான்மைக் கட்சி சார்பில் ஒருவர் எழுந்து வரிசை எண்களை விறுவிறுவென்று வாசிப்பார். ஆட்சேபணை உண்டா என்று தலைமை தாங்குபவர் கேட்பார். இல்லை. முடிந்தது. சிவில் பதவிகளிலும் சிறியவை இப்படியே நகர்ந்தன. இந்த ஏற்பாடு ஓடியது ஏகமனதான சம்மதத்தில். நூறு பேரில் ஒருவர் வாய் திறந்தாலும் வண்டி நின்றுவிடும். அதனாலேயே யாரும் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

2023-இல் அலபாமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் டாமி டியூபர்வில் திறந்தார். கருக்கலைப்புக்காகப் பயணம் செய்யும் படையினருக்குப் பாதுகாப்புத் துறை செலவு கொடுப்பதை எதிர்த்து, மூத்த அதிகாரிகளின் பதவி உயர்வு அத்தனையையும் மறித்தார். அந்த அதிகாரிகளுக்கும் அந்தக் கொள்கைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜூலையில் மரைன் படை, நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் முதன்முறையாக, செனட் உறுதிசெய்த தளபதி இல்லாமல் நின்றது. நவம்பர் 1 இரவு அவர் கட்சிக்காரர்களே பொறுமை இழந்தார்கள். டான் சல்லிவன், ஜோனி எர்ன்ஸ்ட் முதலானோர் 61 அதிகாரிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்த சேவையை விவரித்து, சம்மதம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் டியூபர்வில் எழுந்து ஆட்சேபித்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இது நடந்தது. டிசம்பர் 5 அன்று அவர் பிடியைத் தளர்த்தியதும் 400-க்கும் மேற்பட்ட பெயர்கள் நிமிடங்களில் தேறின.

சிவில் பதவிகளில் முறுக்கு வேறு விதமாக ஏறிக்கொண்டிருந்தது. 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், நியமனங்களில் விவாதத்தை முடிக்க 60 வாக்குத் தேவையில்லை, எளிய பெரும்பான்மை போதும் என்று முன்னுதாரணத்தை மாற்றினார். உச்ச நீதிமன்றம் மட்டும் விலக்கு. 2017-இல் குடியரசுக் கட்சியின் மிட்ச் மக்கானல் அந்த விலக்கையும் எடுத்தார். 2019-இல் கீழ்நிலைப் பதவிகளுக்கான விவாத நேரம் 30 மணியிலிருந்து 2 மணியானது. ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சி கொதித்தது, ஆட்சிக்கு வந்ததும் அதே வசதியை அனுபவித்தது.

2025-இல் ஜனநாயகக் கட்சியினர் டிரம்ப் முன்மொழிந்த சிவில் பெயர் ஒன்றையும் குரல் வாக்கில் விடவில்லை. துணைச் செயலர் பதவிக்குக்கூடத் தனி வாக்கெடுப்பு. ஆகஸ்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. செப்டம்பர் 11 அன்று பெரும்பான்மைத் தலைவர் ஜான் துன் பழைய நாடகத்தை மறுபடி அரங்கேற்றினார்: 48 பெயர் அடங்கிய தீர்மானத்தைக் கொண்டுவருவது, அது விதிப்படி செல்லாது என்று அவைத் தலைமை தீர்ப்பளிப்பது, அந்தத் தீர்ப்பு நிற்கலாமா என்று வாக்கெடுப்புக் கேட்பது. நிற்கலாம் என்றவர் 45, கூடாது என்றவர் 53. விதிப்புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விதி மாறிவிட்டது. மொத்தமாக ஒப்பலாம் என்ற யோசனையைச் சில ஆண்டுகளுக்கு முன் முன்வைத்தவர் ஜனநாயகக் கட்சியின் ஏமி குளோபுஷார் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. அவர் கேட்டது ஒரு தடவைக்குப் பத்துப் பேர். குடியரசுக் கட்சி எடுத்துக்கொண்டதில் உச்சவரம்பே இல்லை.

நீதிபதிகளையும் அமைச்சரவை மட்டத்தினரையும் மட்டும் இப்படிச் சேர்க்கக் கூடாது. செப்டம்பர் 18 அன்று 48 பேர், அக்டோபரில் 107. டிசம்பர் தொடக்கத்தில் 88 பேர் பட்டியல் வந்தபோது கொலராடோ செனட்டர் மைக்கேல் பென்னட் எழுந்தார். பட்டியலில் ஒருவர் அமைச்சரவை மட்டத்துப் பதவிக்கானவர், ஆகவே முழுப் பட்டியலும் செல்லாது என்றார். கண்டுபிடித்தது சரிதான். பட்டியல் விழுந்தது. துன் புதிதாக ஒன்றைத் தாக்கல் செய்தார். இந்த முறை 97 பெயர். டிசம்பர் 18 அன்று 53-43 என்ற கணக்கில் அது நிறைவேறியது.