பொரியும் நொதியும்

முட்டையைக் கோழியும் பொரிக்கும், அடுப்படியில் அம்மிணியும் பொரிப்பார். ஒன்றில் குஞ்சு வரும், மற்றதில் பொரியல். ஆயுத பூஜையன்று கோவைப் பட்டறைகளில் கடலையோடு அள்ளித் தருவதும் பொரிதான். மூன்றையும் சேர்த்துக் கட்டுவது வெடிப்பு. சுடுமணலில் அரிசி வெடித்து மலர்கிறது. ஓடு வெடித்துக் குஞ்சு தலைநீட்டுகிறது. பட்டை வெடித்த அடிமரத்தைச் சங்கப் புலவர்கள் ‘பொரியரை’ என்றார்கள். வெடிப்பே மூத்த பொருள், எண்ணெய்ச்சட்டி பின்னால் வந்தது என்பது என் கணிப்பு.

பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் ‘ஹேச்சரி’ என்பார்கள். ஏட்டில் அது பொரிப்பகம். பவானிசாகர், ஆழியாறு மீன்பண்ணைகளைப் பற்றி எழுதும்போதும் அதே பொரிதான். அங்கேதான் எனக்கு இடறியது. கோழிமுட்டைக்கு 21 நாள். கட்லா, ரோகு முட்டைக்கு வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள்கூட வேண்டாம். உடைக்க ஓடும் இல்லை, கொத்த அலகும் இல்லை. கண்ணாடி போன்ற உறை உள்ளிருந்தே கரைகிறது. கருவின் பொரிப்புச் சுரப்பி விடும் நொதி செய்கிற வேலை அது.

நொதித்தலில் பிறந்த கலைச்சொல் நொதி. ஈழத்துப் பாடநூல்களில் நொதியம். நம் ஊரில் மாவு நொதித்தது என்று யார் சொல்கிறார்கள்? “புளிச்சுப் பொங்கிருச்சு” என்போம். பொருள் என்னவோ அந்த மாவுச்சட்டிதான். ஜெர்மானியர் வில்ஹெல்ம் கியூனே 1870-களில் ‘என்சைம்’ என்று பெயர் வைத்தபோதும், ‘புளித்த மாவுக்குள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைத்தான் எடுத்தார்.

ஆக, ‘பொரிப்பு நொதி’ என்ற பெயரில் மணல்சட்டியும் மாவுச்சட்டியும் ஒரே அடுப்பில் ஏறியிருக்கின்றன. மீனுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான், முதலாவது கோழியிடம் வாங்கிய கைமாற்று என்றே நினைத்திருந்தேன்.

ஜப்பானிய நெல்வயல் மீனான மெடகாவை ஆராய்ந்தவர்கள் கண்ட நொதிகள் இரண்டு. ஒன்று உள்ளுறையை உப்ப வைக்கிறது, மாவைப் போலவே. மற்றது உப்பியதைக் கரைக்கிறது. ஆனால் மெல்லிய வெளியுறை மட்டும் இரண்டுக்கும் மசியாமல் நிற்கிறது. அதைக் குஞ்சு துள்ளித்தான் கிழிக்க வேண்டும்.

அந்தக் கடைசி நொடியில் மீன்முட்டையும் பொரிகிறது.