புல்தரைக்கு முறைத்தண்ணீர்

கலிபோர்னியாவில் வறட்சி என்று அறிவிப்பு வந்தால், நகராட்சிகளும் நீர் வாரியங்களும் முதலில் கை வைப்பது வீட்டு வாசலில் இருக்கும் புல்தரை மீதுதான். வாரத்தில் இன்னின்ன நாள்தான் தெளிப்பானைத் திறக்கலாம், வெயில் ஏறிய பிறகு திறக்கக் கூடாது, நீர் நடைபாதையில் வழிந்தோடினால் அபராதம், மழை பெய்து 48 மணி நேரம் ஆகும்வரை தோட்டத்துக்குக் குழாய்நீர் கிடையாது என்று விதிகள் வரிசையாக வரும். இதெல்லாம் கண்துடைப்பு என்று சொல்பவர்கள் அந்த மாநிலத்திலேயே ஏராளம். பெரும்பங்கு நீர் வயலுக்கும் தோப்புக்கும் போகும்போது வாசலில் உள்ள நாலு முழப் புல்லைக் காயப்போட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருவோம். ஆனால் 1976 முதல் நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால், பெரிய சட்டங்கள் எதுவும் செய்யாத ஒரு காரியத்தை இந்தச் சின்ன விதிகள் செய்திருப்பது தெரிகிறது. பச்சைப் புல்தரை நல்ல குடித்தனத்தின் அடையாளம், ஏறக்குறைய ஒரு கடமை என்று இருந்த நிலையை அவை உடைத்தன. அந்த உடைப்பு, தங்கள் நீர்த்தேக்கம் வற்றுவதைத் தாங்களே கண்ணால் பார்த்த ஊர்களில்தான் தொடங்கியது.

கலிபோர்னியாவின் கடலோரத்தில் மழை குளிர்காலத்துக்கு உரியது. நவம்பரில் பிடித்து ஏப்ரலுக்குள் விட்டுவிடும். அதன்பிறகு ஆறு மாதம் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது சுமார் 37 சென்டிமீட்டர், சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆண்டு முழுக்கத் தூறல் விழும் இங்கிலாந்தில் தானாகத் தழைக்கும் புல்தரை, கோடையில் ஒரு சொட்டும் விழாத இந்த மண்ணில் நிலைத்ததற்குக் காரணம் தொலைதூரத்து நீர். 1913இல் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டி முடித்த கால்வாய், ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 375 கிலோமீட்டர் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸுக்கு நீரைக் கொண்டுவந்தது. 1941இல் கொலராடோ ஆற்று நீர் சேர்ந்தது. 1970களில் மாநிலத்தின் வடபகுதி நீரும் மலையேறி வந்தது. நகர நீரில் ஏறக்குறைய பாதி வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் புல்லுக்கும் செடிக்கும் போகும் நிலை அப்படி உருவானது. நம்மூர் அருகம்புல் அங்கே பெர்முடா புல் என்ற பெயரில் வளர்கிறது. அது காய்ந்து கிடந்து, நீர் கண்டதும் துளிர்க்கும் இனம். ஆனால் குளிர்காலத்தில் பழுத்துவிடுகிறது என்பதால், ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் குளிர்நாட்டுப் புல்லையே பலரும் விரும்பினார்கள். நீரை வீணாக்கக் கூடாது என்று 1928லேயே மாநில அரசியல் சாசனத்தில் திருத்தம் எழுதியாகிவிட்டது. வாசல் புல்லை மட்டும் அந்தச் சாசனத்தின் கண்ணோடு யாரும் பார்க்கவில்லை. மாறாக, புல் பழுப்பேறினால் அபராதம் விதிக்கக் குடியிருப்போர் சங்கங்கள் விதி வைத்திருந்தன.

முதல் பெரிய சோதனை சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில் நடந்தது. அங்கே டமல்பாயிஸ் மலைச் சரிவிலும் அதைச் சுற்றியும் உள்ள நீர்த்தேக்கங்கள்தான் ஊருக்கு ஆதாரம். ரஷ்யன் ஆற்றிலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டுவரும் திட்டத்தை 1971இல் வாக்காளர்களே தோற்கடித்தார்கள். புதுக் குழாய் வந்தால் புது வீடுகள் வரும், மலையும் காடும் போய்விடும் என்பது அவர்கள் கவலை. 1973இல் புதிய இணைப்புகளையே வாரியம் நிறுத்தி வைத்தது. இருப்பதைக் கொண்டு வாழ்வோம் என்று முடிவெடுத்த ஊரை அடுத்தடுத்து இரண்டு மழையற்ற குளிர்காலங்கள் பிடித்துக்கொண்டன. வெளிப்புறப் பயன்பாட்டைக் குறைப்பதில் தொடங்கிய கட்டுப்பாடு 1977இல் ரேஷன் ஆனது. பயன்பாட்டை 57% குறைக்க வேண்டும் என்று வாரியம் கேட்டது. மக்கள் அதைவிடக் கூடுதலாகவே குறைத்தார்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அதில் குளிப்பதா, துவைப்பதா, ஒரு ரோஜாச் செடியைக் காப்பாற்றுவதா என்பதை வீட்டாரின் விருப்பத்துக்கு விட்டார்கள். துணி துவைத்த நீர் குழாய் வழியே தோட்டத்துக்குப் போனது. புல்தரை செத்தது, மரம் பிழைத்தது. எதை விடுவது என்று மற்றவர் சொல்லவில்லை என்பதால் அந்த இழப்பு அவமானமாகத் தோன்றவில்லை. வாசல் புல் கருகிக் கிடப்பது அந்த ஆண்டு மரினில் ஒழுங்கான குடும்பத்தின் அடையாளம் ஆயிற்று. மரபு இப்படித் தலைகீழாகத் திரும்பியதுதான் என் வாதத்துக்கு முதல் சான்று.

மரினின் கதையில் மறைக்கக் கூடாத இன்னொரு பாதி உண்டு. சேமிப்பு மட்டும் அந்த ஊரைக் காப்பாற்றவில்லை. 1977 ஜூனுக்குள் ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்தின் மேலேயே சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, 24 அங்குலக் குழாய் ஒன்றைப் போட்டு நீர் கொண்டுவந்தார்கள். அந்த நீர் தென்கலிபோர்னியாவுக்குச் சேரவேண்டிய பங்கு. அங்குள்ள பெருநகர நீர் வாரியம் கொலராடோ ஆற்றைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வடக்கின் நீரை விட்டுக்கொடுத்தது. 1978 தொடக்கத்து மழை நீர்த்தேக்கங்களை நிறைத்தது, 1982இல் பாலத்துக் குழாயையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் குழாய் வரும்வரை ஊர் தாக்குப்பிடித்தது சேமிப்பினால்தான். தாங்கள் வாடியது கண்ணுக்குத் தெரிந்த பிறகே பிறரிடம் கேட்கும் தகுதியும் அவர்களுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

நாள் குறித்து முறை வைக்கும் விதி, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற மரினின் ரேஷனிலிருந்து வேறுபட்டது. அதன் பலவீனத்தை 2009இல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்டது. திங்கள், வியாழன் இரண்டே நாள் தெளிப்பானைத் திறக்கலாம் என்று அந்த ஜூனில் நகரம் அறிவித்தது. பயன்பாடு குறைந்தது உண்மை. ஆனால் கோடை முடிவதற்குள் தெருவுக்கடியில் உள்ள பெருங்குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஓர் இடத்தில் தீயணைப்பு வண்டியே பள்ளத்தில் பாதி புதைந்தது. ஆராய்ந்த வல்லுநர் குழு 2010இல் காரணம் சொன்னது. நகரம் முழுக்க அதே இரண்டு நாளில் நீரை இழுத்ததால் அழுத்தம் ஏறி இறங்கி, ஏற்கெனவே துருப்பிடித்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் தாளவில்லை. பிறகு ஒற்றைப்படைக் கதவிலக்கங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்றும் இரட்டைப்படைக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்றும் முறையைப் பிரித்தார்கள். ஏரி மடையில் முறை வைத்து நீர் பாய்ச்சும் எந்த ஊரிலும் எல்லாருக்கும் ஒரே முறை என்று வைப்பதில்லை. அந்த எளிய அறிவை ஒரு மாநகரம் உடைந்த குழாய்களைப் பார்த்துக் கற்க வேண்டியிருந்தது. என்றாலும் இந்தத் தவறைக் காட்டிக் கட்டுப்பாடே வேண்டாம் என்று வாதிடுவது சரியல்ல. 2002 வறட்சியில் கொலராடோ மலையடிவாரத்து எட்டு நீர் நிர்வாகங்களை ஆராய்ந்தபோது, விருப்பப்பட்டால் சேமியுங்கள் என்று கேட்ட காலத்தில் தலைக்கு 4 முதல் 12% வரையும், கட்டாயமாக்கிய காலத்தில் 18 முதல் 56% வரையும் சேமிப்பு இருந்தது தெரியவந்தது. வேண்டுகோளுக்கும் விதிக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரியது.

1977க்கும் 2009க்கும் இடையில், 1990இல் சான்டா பார்பரா புல்தரைக்கு நீர் விடுவதையே தடை செய்தது. செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கும் தொழில் அங்கே நடந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு வழக்கம் எவ்வளவு ஆழமாக வேர் பிடித்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. கண்ணுக்குப் பச்சை வேண்டும், புல் உயிரோடு இருப்பது இரண்டாம் பட்சம் என்ற நிலை அது. அந்த நகரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் கட்டியது. மழை வந்ததும் அது 1992இல் மூடப்பட்டது, 2017இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதுவரை 25 ஆண்டு அந்த ஆலை சும்மா நின்றது. சாயம் அடித்த புல்லும் பூட்டிய ஆலையும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்களாக எனக்குப் படுகின்றன. வறட்சியை விலக்காகக் கருதி, அது போனதும் பழையபடி ஆகிவிடலாம் என்ற மனநிலை அது.

2014இல் அந்த மனநிலையோடு சட்டமே மோதியது. அந்த ஜூலையில் மாநில நீர் வாரியம், புல்தரை நீரைத் தெருவில் வழியவிட்டால் நாளொன்றுக்கு 500 டாலர்வரை அபராதம் என்றது. அதே கோடையில் புல் பழுப்பாக இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் ஊர்களும் இருந்தன. நீர் ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம். வறட்சி அறிவிக்கப்பட்டிருக்கும் காலத்தில் குடியிருப்போர் சங்கங்கள் பழுப்புப் புல்லுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2014இலும், நகராட்சிகளும் போடக் கூடாது என்று 2015இலும் மாநிலம் சட்டம் செய்தது. அதுவரை கடமையாக இருந்தது அன்றுமுதல் விருப்பம் ஆயிற்று. 2015 ஏப்ரல் 1 அன்று, பனி மூடியிருக்க வேண்டிய சியரா மலைப் புல்வெளியில் வெறுந்தரை மேல் நின்று, நகரங்கள் 25% குறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஜெரி பிரவுன் ஆணையிட்டார். 1977 வறட்சியின்போதும் அவர்தான் ஆளுநர். தலைக்கு அதிகம் செலவழித்த ஊர் 36% வரை குறைக்க வேண்டும் என்று இலக்குகள் வந்தன. ஓராண்டில் சேமிப்பு ஏறக்குறைய இலக்கைத் தொட்டது. ஆணை இன்றி உள்ளூர் மட்டும் இதைச் செய்திருக்குமா என்று கேட்டால், எல்லா ஊரும் செய்திருக்காது. 2016இல் இலக்கை நிர்ணயிக்கும் பொறுப்பு ஊர்களுக்கே திரும்பியபோது, பெரும்பாலான நிர்வாகங்கள் எங்களிடம் போதுமான நீர் உண்டு, இலக்கே வேண்டாம் என்றுதான் சொல்லின. உள்ளூர்த் தீர்மானத்தை ஆதரிக்கும் நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் பயன்பாடு பழைய அளவுக்கு ஏறவில்லை. 2020இல் நகரவாசிகள் 2013இல் பயன்படுத்தியதைவிடச் சுமார் 16% குறைவாகவே பயன்படுத்தினார்கள். விதி போன பிறகும் பழக்கம் தங்கியிருந்தது.

இப்போது, தொடக்கத்தில் தள்ளிவைத்த அந்த வயல் நீர்க் கேள்வி. மனிதர் பயன்படுத்தும் நீரில் சுமார் 80% விவசாயத்துக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் நீர் எல்லாம் ஒரே தொட்டியில் இல்லை. நடுப் பள்ளத்தாக்கில் ஒரு பாதாம் தோப்பு மிச்சம் பிடிக்கும் நீர், இணைக்கும் குழாய் இல்லாமல் மரின் நீர்த்தேக்கத்துக்கு வராது. மேலும் 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் நடுவண் அரசின் கால்வாய்த் திட்டத்தை நம்பிய பல விவசாயிகளுக்கு ஒதுக்கீடு பூஜ்யம். அவர்கள் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள், நிலம் தாழ்ந்தது, கிழக்குப் போர்ட்டர்வில் போன்ற ஏழை ஊர்களில் வீட்டுக் கிணறுகள் வற்றின. அந்தக் கொடுமைக்குப் பரிகாரம் நிலத்தடி நீர்ச் சட்டம். அப்படி ஒன்று 2014இல்தான் வந்தது, அது மிகவும் தாமதம். விவசாயத்தைத் திருத்த வேண்டும் என்பதற்காகப் புல்தரையை விட்டுவைக்க வேண்டியதில்லை.

விதியைவிட விலையே நல்ல கருவி, அதிகம் ஊற்றுபவர் அதிகம் கட்டட்டும் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வார்கள். அதற்கு இரண்டு தடைகள். சேவைக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற 1996 அரசியல் சாசனத் திருத்தத்தைக் காட்டி, சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ நகரின் அடுக்குக் கட்டணத்தை 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. செலவை நிரூபித்துக் காட்டினால் அடுக்குக் கட்டணம் வைக்கலாம்தான், ஆனால் கை கட்டப்பட்டுவிட்டது. இரண்டாவது, பணக்காரத் தோட்டத்துக்கு விலை ஒரு பொருட்டே இல்லை. 2022இல் லாஸ் விர்ஜெனஸ் நீர் வாரியம், அபராதத்தைக் கட்டிக்கொண்டே நீரை இறைத்த பெரிய மாளிகைகளின் குழாயில் ஒழுக்கைக் குறைக்கும் தட்டைப் பொருத்தியது. வீட்டுக்குள் குளிக்கவும் சமைக்கவும் நீர் வரும், தெளிப்பான் மட்டும் வேலை செய்யாது. எந்த விலையும் செய்யாததை அந்தச் சின்னத் தட்டு செய்தது. மக்கள் சேமித்தால் வாரியத்தின் வருவாய் குறைந்து, பிறகு கட்டணம் ஏறுகிறது என்ற மனக்குறையும் உண்மையானது. குழாயும் அணையும் நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு வைப்பவை. இதை முன்கூட்டியே சொல்லாத வாரியங்கள் மக்களின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டன. புல்தரைக்கு நீர் நின்றபோது அதை நம்பி வளர்ந்த நகர மரங்களும் வாடின. ஆகவே மரத்துக்குக் கையால் நீர் ஊற்ற அனுமதி என்ற விலக்கு இல்லாத விதியை நான் நல்ல விதி என்று சொல்ல மாட்டேன்.

தென்கலிபோர்னியாவில் புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு 2 டாலர் மானியம் கொடுத்தார்கள், 2015 ஜூலையில் பணம் தீர்ந்தது. பிற்பாடு அங்குள்ள பெருநகர நீர் வாரியம் செய்த ஆய்வில், மானியம் வாங்கிய ஒவ்வொரு 100 வீட்டுக்கும் அருகே மானியமே வாங்காத 132 வீடுகள் புல்லை எடுத்திருந்தது தெரிந்தது. அண்டை வீட்டைப் பார்த்து மாறியவர்கள் அவர்கள். 2023இல் மாநிலம், கடை, அலுவலகம், அரசுக் கட்டடம், குடியிருப்புச் சங்கங்களின் பொதுவிடம் ஆகியவற்றில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் ஊற்றுவதை 2027 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் செய்தது. வீட்டுப் புல்தரையை அந்தச் சட்டம் தொடவில்லை, அது இன்னும் ஊர்களின் கையில்தான் இருக்கிறது. மரினில் 2021இல் நீர்த்தேக்கங்கள் மறுபடி வற்றியபோது, பாலத்தின் மேல் பழையபடி குழாய் போடலாமா என்று வாரியம் கணக்குப் பார்த்தது. அந்த அக்டோபரில் பெருமழை பிடித்து, ஆண்டு முடிவதற்குள் நீர்த்தேக்கங்கள் நிறையத் தொடங்கியதால் குழாய் போட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே அங்கே தெளிப்பான்கள் முறைக்கு வந்திருந்தன.