ஊதாவின் கூலிக் கணக்கு

கத்தரிப்பூ கலர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் ஊதாவை, ரோம வரலாறு 'அரச நிறம்' என்றே எழுதி வைத்திருக்கிறது. பீனிசியத் துறைமுகமான டைரில் கடல்நத்தைகளை உடைத்து, நாற ஊறவைத்துக் காய்ச்சித்தான் அந்தச் சாயத்தை எடுத்தார்கள். ஊர் செழித்ததும், குடியிருக்க லாயக்கற்றுப் போனதும் அதனால்தான் என்கிறார் ஸ்ட்ராபோ. 1909இல் பிரீட்லாண்டர் என்ற வேதியியலாளருக்கு 12,000 நத்தைகளிலிருந்து கிடைத்தது வெறும் 1.4 கிராம்.

கி.பி. 301இல் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில் ஊதாப்பட்டு ராத்தல் 1,50,000 தெனாரி. வயல் கூலிக்காரனுக்கு, சாப்பாடு போக, நாளுக்கு 25. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6,000 நாள் உழைப்பு. அதை மறைத்துவிட்டு 'அரச நிறம்' என்று எழுதுவது யாருடைய வரலாறு?