ஓசூர் வானம் யாருடையது?

ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில் மத்திகிரியைத் தாண்டினால், பெலகொண்டப்பள்ளியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் "அது வெள்ளைக்காரன் காலத்துது" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. பக்கத்து மத்திகிரியில் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பண்ணை, கால்நடைப் பண்ணையாக இன்னமும் நடக்கிறது. குதிரைக்கு இடம் பிடித்தவன் விமானத்துக்கும் பிடித்திருப்பான் என்று நினைப்பது பெரிய தப்பில்லை.

ஆனால் உண்மை வேறு. பெலகொண்டப்பள்ளி ஓடுதளம் தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்துடையது. தொண்ணூறுகளில்தான் அங்கே வேலை சூடு பிடித்தது. பார்த்தனேவியா என்ற இத்தாலியக் குட்டி விமானத்தை 1994இல் அங்கே பூட்டினார்கள். பிறகு பெங்களூரு ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானங்களும் அங்கிருந்து பறந்தன. வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து வந்த சங்கதி இது.

வெள்ளைக்கார ராணுவத்தின் நிழல் விழுந்த தளம் ஓசூருக்கு வெளியே, அத்திப்பள்ளி எல்லை தாண்டி, முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது "பழைய ஏர்போர்ட்". அந்தத் தளம் அங்கே வந்த கதை தெரிந்தால்தான் ஓசூருக்கு ஏன் இன்னும் விமான நிலையம் வரவில்லை என்பது புரியும்.

கதை வெள்ளைக்காரனிடம் தொடங்கவில்லை. 1939இல் வால்சந்த் ஹீராசந்த் என்ற குஜராத்தி தொழிலதிபர், விமானப் பயணம் ஒன்றில் வில்லியம் பாலே என்ற அமெரிக்கரைச் சந்திக்கிறார். பாலே சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். இந்தியாவிலும் அப்படி ஒன்று கட்டலாமே என்று பேச்சு கிளம்புகிறது. பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு முதலில் அதில் பெரிய ஆர்வமில்லை. கார் தொழிற்சாலை கட்டவே இந்தியனுக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தவர்கள் அவர்கள்.

கதவைத் திறந்தது மைசூர் சமஸ்தானம். திவான் மிர்சா இஸ்மாயில் 700 ஏக்கர் நிலமும் 25 லட்ச ரூபாய் மூலதனமும் தருவதாகச் சொன்னார். சிவசமுத்திரத்து மின்சாரமும் பத்ராவதி இரும்பாலையும் ஏற்கனவே மைசூர் கையில் இருந்தன. 1940 டிசம்பரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூரில் பதிவானது.

அந்தக் காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில், மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. சில மைல் தள்ளி ராஜாவின் சீமை. விமானத் தொழிற்சாலை ராஜா பக்கம் போனது, வெள்ளைக்காரன் பக்கம் கிடைத்தது குதிரைப் பண்ணை. எல்லைக்கோடு ஒன்று எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வர எழுபதுகளில் சிப்காட் வரவேண்டியிருந்தது.

அப்புறம் போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். மெட்ராஸில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இந்த அமளிக்கு நடுவே, ஏப்ரல் தொடக்கத்தில், அரசு வால்சந்தின் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு தன் பங்கை விற்க மறுத்தது, ஆனால் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தது. விமானம் தயாரிக்கத் தொடங்கிய ஆலை ராணுவப் பட்டறையானது. கடற்கரையிலிருந்து தள்ளி, மேட்டில், ஜப்பான் விமானம் எளிதில் எட்டாத இடம். 1943இல் அதை அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். 84ஆவது ஏர் டிப்போ என்று அதற்குப் பெயர். பர்மா, சீனப் போர்முனைகளில் அடிபட்ட விமானங்கள் அங்கே பழுது பார்க்கப்பட்டன. ஆக, பிரிட்டிஷ் அரசு எடுத்து, அமெரிக்கர்கள் நடத்தி, இந்தியத் தொழிலாளிகள் உழைத்த இடம் அது.

பழுது பார்க்க வந்தவற்றில் காட்டலினா என்ற கடல் விமானங்களும் உண்டு. கடலே இல்லாத ஊரில் கடல் விமானம் எங்கே இறங்கும்? பெல்லந்தூர் ஏரியில் இறங்கியது. தொழிற்சாலைக்குத் தெற்கே இருந்த ஏரியின் தண்ணீரே ஓடுதளமானது.

அதே பெல்லந்தூர் ஏரிதான் பத்து வருஷம் முன்னால் நுரை கக்கி, தீப்பிடித்து உலகச் செய்தியானது. அந்த ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. எல்லை தாண்டினால் அதே ஆறு தென்பெண்ணை. முதலில் வந்து நிற்பது எங்கள் கெலவரப்பள்ளி அணையில். மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பறக்கும். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நுரைக்கும் விமானத் தளத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது, அது பெங்களூரு நகரத்துச் சாக்கடை. ஆனால் கிழக்குப் பெங்களூரை இவ்வளவு பெருக்க வைத்ததில் அந்த 700 ஏக்கருக்கும் பங்குண்டு. வேலை இருந்தால் வீடு வரும், வீடு இருந்தால் சாக்கடை வரும்.

போர் முடிந்தபின் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் நகர முடியாது. வெள்ளைக்காரர்கள் கிளம்பும்போது கான்பூரில் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் குவித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சும்மா போகவில்லை. யாரும் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்று கோடரியால் வெட்டி, எஞ்சினில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 1948இல் புது இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூர் ஆட்கள் கான்பூர் போய் அந்தக் குப்பையில் தேறுகிறதைப் பொறுக்கி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிவந்தார். பாதி வழியில் எது கழன்று விழும் என்று தெரியாத பயணம் அது. இங்கே அவற்றை முழுசாகப் புதுப்பித்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் இப்படி உயிர் பெற்று, இந்திய விமானப்படையில் 1968 வரை பறந்தன. ஓய்வு பெற்ற ஒன்றை பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகமே கேட்டு வாங்கிக்கொண்டது. தான் வெட்டிப்போட்டதை இன்னொருவன் தைத்துக் கொடுக்க, அதை வாங்கிக் கண்ணாடிக்குள் வைப்பது என்ன மாதிரி உணர்வு என்று தெரியவில்லை.

அதற்குப் பிந்தைய கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. 1961இல் மாருத், 2001 ஜனவரியில் தேஜஸ், இரண்டும் முதலில் மேலெழுந்தது அந்த ஓடுதளத்திலிருந்துதான். நகரத்தின் பயணிகள் விமான நிலையமாகவும் அதுவே இருந்தது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது நிலையம் திறந்ததும் பயணிகள் அங்கே போய்விட்டார்கள். பழைய தளம் சோதனைப் பறத்தலுக்கும் ராணுவத்துக்கும் தனியார் விமானங்களுக்கும் என்றானது.

ஓசூர்க்காரனுக்கு இடி இங்கேதான். புது நிலையத்தைக் கட்டிய நிறுவனத்தோடு 2004இல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மைசூரையும் ஹாசனையும் தவிர, திறந்த நாளிலிருந்து 25 வருஷத்துக்குப் புதிதாக வேறு விமான நிலையம் கூடாது. அதாவது 2033 வரை. ஓசூர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 2017இல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஓசூர் பெயரும் வந்தது. பெலகொண்டப்பள்ளி ஓடுதளம் தயாராகத்தான் இருந்தது. விமானம் வரவில்லை.

2024 ஜூனில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார். ஊரே பட்டாசு வெடித்தது, ரியல் எஸ்டேட்காரர்கள் இரண்டு மடங்காக வெடித்தார்கள். தரைக்கு இடம் பார்த்துவிடலாம். வானத்துக்கு? ஓசூருக்கு மேலே இருக்கிற வான்வெளியில் ஹெச்.ஏ.எல். தளத்தின் பிடி இருக்கிறது. சோதனை விமானங்களுக்கும் பயிற்சி விமானங்களுக்கும் ஒதுக்கப்பட்ட வெளி. பாதுகாப்பு அமைச்சகம் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. ஓடுதளம் தரையில் பிடிப்பது மூன்று கிலோமீட்டர் சொச்சம். மேலே அது பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு வேலி கிடையாது, பட்டா கிடையாது, விற்கவும் முடியாது. 1940இல் நிலம் கொடுத்த மிர்சா இஸ்மாயிலுக்கு, பக்கத்து மாகாணத்தின் வானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விமான நிலையம் வேண்டுமா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. தேவனஹள்ளி போய் விமானம் பிடிக்க பெங்களூரு டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் தவம் கிடந்தவனுக்கு வேண்டும். பேச்சு அடிபடுகிற பேரிகை, பாகலூர் பக்கம் பூவும் தக்காளியும் போடுகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் பாகலூர் சாலையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "நெலத்த எடுத்துக்கறேன்னு ஒருத்தர் வராரு, மேல பறக்க விடமாட்டேன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல தம்பி. வெங்காயத்துக்கு மட்டும் வெல கேட்டுட்டுப் போறாங்க."

அவர் பேசி முடிக்கும் முன்னால் மேலே ஒரு சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மேகத்துக்கு மேலே எதுவோ வடமேற்காகப் போய்க்கொண்டிருந்தது. "பழைய ஏர்போர்ட்டுக்குப் போவுது" என்றார். கடைக்காரர் இன்னும் இரண்டு டீ வைத்தார்.