எண்ணா, பக்கமா? புதுக்கோட்டைக் கல்வெட்டுகளும் மேற்கோள் பாணியும்

புதுக்கோட்டை வரலாற்றை எழுதுவோர் எவரும் ‘ஐ.பி.எஸ்.’ என்ற சுருக்கத்தைத் தவிர்க்க முடியாது. காவல்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டு மூலபாடத் தொகுதியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் இது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளை அரச மரபு வாரியாக அடுக்கித் தொடர் எண் இட்டிருக்கிறார்கள். ‘ஐ.பி.எஸ். 300’ என்றால் முந்நூறாம் கல்வெட்டு. முந்நூறாம் பக்கம் அன்று.

லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கட்டுரையை அச்சுக்கோக்கும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேற்கோள் கட்டளையோடு வெறும் எண்ணைத் தந்தால் அதில் மேற்கோள்களை அமைக்கும் பிப்லாடெக் நிரல்தொகுப்பின் இயல்பான பாணிகள் அதைப் பக்க எண்ணாகக் கொண்டு, ‘ப.’ என்பதற்குரிய முன்னொட்டைத் தாமே சேர்த்துவிடும். பிழைச்செய்தி ஏதும் வராது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி எழுதுபவர் எபிகிராபியா இண்டிகா 12ஆம் தொகுதியின் 226ஆம் பக்கத்தையும் ஐ.பி.எஸ். எண் ஒன்றையும் ஒரே அடைப்புக்குறிக்குள் தர நேரலாம். முன்னொட்டு முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்குப் பொய். மேற்கோள் பாணியைத் திருத்துவது அழகு பார்க்கும் வேலை என்று ஒதுக்குவோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

தீர்வு எளிது. நூற்பட்டியல் கோப்பில் ஐ.பி.எஸ். தொகுதிக்குரிய பதிவில் ‘பேஜினேஷன்’ என்றொரு புலம் உண்டு. அதில் ‘இல்லை’ என்பதற்குரிய மதிப்பை இட்டால் முன்னொட்டு மறையும். ‘கல்வெட்டு எண்’ என்றே அச்சாக வேண்டுமானால் புதிய சொற்சாவியை வரையறுக்கலாம். ஒருமைக்கு ஒன்று, ஆங்கில ‘எஸ்’ சேர்த்துப் பன்மைக்கு ஒன்று. தமிழ்ச் சொல்லுக்குரிய சாவியும் அந்த ‘எஸ்’ஸைச் சுமந்தாக வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. சுருக்கப்பெயருக்கும் தனிப் புலம் இருக்கிறது. சுருக்க விளக்கப் பட்டியலை அதிலிருந்தே அச்சிடலாம்.

பெயர்கள் தரும் தொல்லை வேறு வகை. 1916இல் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதியவர் எஸ். இராதாகிருஷ்ண ஐயர், பின்னர் சமஸ்தான மேனுவலைப் பதிப்பித்தவர் கே. ஆர். வேங்கடராம ஐயர், கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1941, 1946ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் தந்தவர் கே. ஆர். சீனிவாச ஐயர். கடைசிச் சொல்லையே குடும்பப்பெயராகக் கொள்ளும் நிரலுக்கு மூவரும் ‘ஐயர்’தான். ஆனால் இதற்குப் பாணியைக் குறைசொல்லக் கூடாது. ‘சீனிவாச ஐயர், கே. ஆர்.’ என்று காற்புள்ளியிட்டு உள்ளிட்டாலே நிரல் சரியாகப் பிரித்துக்கொள்ளும். இது நம் நூலக அட்டைகள் காட்டிய வழிதான்.

அகரவரிசையில் மட்டும் விழிப்பு தேவை. யூனிகோடில் ன, ந-வை அடுத்தும் ற, ர-வை அடுத்தும் இடம்பெற்றுள்ளன. குறியெண்படி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு கலையும். ஆகவே வரிசைமொழி தமிழ் என்று, நூற்பட்டியலை வரிசைப்படுத்தும் பைபர் நிரலுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதழுக்கு இதழ் ஒரே பாணி இருக்க, ஒரு நூலுக்காக விதிவிலக்கு எதற்கு என்று பதிப்பாசிரியர்கள் கேட்பதுண்டு. சீரமைதி வேண்டியதுதான். ஆயினும் சீனிவாச ஐயரின் மொழிபெயர்ப்பு 1929ஆம் ஆண்டுத் தொகுதியின் எண்களையே பின்பற்றுகிறது. எண்ணை எண்ணாகக் குறித்தால் வாசகர் மூலத்திலிருந்து மொழிபெயர்ப்புக்கு நேரே போகலாம், அதற்கு ‘ப.’ என்று முன்னொட்டு விழுந்துவிட்டால் இரண்டு நூல்களிலும் தவறான தாளைத்தான் புரட்டுவார்.